அயர்லாந்தின் பழைய பிரேக் வேனை மாடலாகச் செய்ய: ஒரு படம் இருந்தால் தொடங்கலாம்

பழைய அயர்லாந்து ரயில் நிலையங்களின் படங்களைப் பார்க்கும்போது ஒரு எரிச்சல் வரும். எஞ்சின் நடுநாயகமாக நிற்கும். டிரைவர் தொப்பியோடு சாய்ந்து நின்று போஸ் கொடுப்பார். மாட்டு வேகன்கள் வரிசையாகத் தெரியும். கடைசியில் இருக்க வேண்டிய பிரேக் வேனைத் தேடினால் அது படத்துக்கு வெளியே போயிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சக்கரமும் நாலு பலகையும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

நம்மூரில் சரக்கு ரயிலின் வாலில் போகிற கார்டு பெட்டியின் மூத்த உறவுதான் இந்த வேன். முப்பது நாற்பது வேகன்களுக்கு ஒன்று போதும் என்பதால் கம்பெனிகள் இவற்றைக் குறைவாகவே கட்டின. வரைபடம் போட்டு வைத்தவர்களும் படம் எடுத்தவர்களும் அதைவிடக் குறைவு. சி.ஐ.இ. என்ற தேசியப் போக்குவரத்து நிறுவனம் 1945இல் வந்த பிறகு ஓடிய பிரேக் வேன்களை ரெடிமேட் மாடலாகவே வாங்கலாம். 19ஆம் நூற்றாண்டு வேன் வேண்டும் என்றால் பெரும்பாலும் நம் கையால்தான் செய்துகொள்ள வேண்டும்.

பிளாஸ்டிக் கிட் ஒன்றிரண்டு ஒட்டியிருக்கிறீர்கள், வெறும் தகட்டிலிருந்து எதையும் செய்ததில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டி சின்னது, சக்கரம் நான்குதான். முதல் முயற்சிக்கு இதைவிடத் தோதான வண்டி கிடையாது.

அந்த வேன் எதற்காக இருந்தது

வேலை தெரிந்தால் வடிவம் தானாகப் புரியும். அந்தக் காலத்துச் சரக்கு வண்டியில் எஞ்சினிலிருந்து வால் வரை ஓடும் பிரேக் கிடையாது. வேகன்களை மூன்று வளையச் சங்கிலியால் தொங்கலாக மாட்டியிருப்பார்கள். எஞ்சின் இழுத்தால் சங்கிலிகள் ஒவ்வொன்றாக விறைக்கும்; நிறுத்தினால் வேகன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். இறக்கத்தில் பின்னால் இருக்கும் கார்டு கைச்சக்கரத்தைச் சுற்றிப் பிரேக் போட்டு, சங்கிலிகளை விறைப்பாக வைத்துக்கொண்டே வர வேண்டும். ஏற்றத்தில் சங்கிலி அறுந்து வால் பகுதி பின்னால் உருண்டால் அதைப் பிடித்து நிறுத்துவதும் அவர் பொறுப்புதான். அயர்லாந்தில் இப்படித் தொங்கல் சங்கிலியோடு சரக்கு வண்டி ஓடியது 1970கள் வரை நீடித்தது.

கைப்பிரேக்கின் எல்லை எவ்வளவு என்பதை 1889 ஜூன் 12 அன்று ஆர்மா என்ற ஊருக்குப் பக்கத்தில் நடந்த விபத்து காட்டியது. அது சரக்கு வண்டி அல்ல. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வாரன்பாயிண்ட் கடற்கரைக்குப் போன சுற்றுலா ரயில். 75 அடிக்கு ஓர் அடி ஏறும் மேட்டில் எஞ்சின் திணறி நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து முன் பாதியை முதலில் கொண்டுபோய்விடலாம் என்று முடிவெடுத்தார்கள். பின்னால் விட்ட பத்துப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டிருந்தது வால் வேனின் கைப்பிரேக்கும் சக்கரத்துக்கு அடியில் வைத்த கற்களும்தான். முன் பாதி லேசாகப் பின்னுக்கு வந்து இடித்ததும் அத்தனையும் உருண்டு, பின்னால் வந்த ரயிலில் மோதின. 80 பேர் இறந்தார்கள். பயணிகள் ரயிலுக்குத் தானியங்கித் தொடர் பிரேக் கட்டாயம் என்ற சட்டம் அதே ஆண்டில் வந்தது. சரக்கு வண்டிக்கு அந்தச் சட்டம் வரவில்லை. அங்கே கார்டும் கைச்சக்கரமும் அப்படியே தொடர்ந்தார்கள்.

ஆக, வேனில் நாம் பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. பெட்டி கனமாக இருக்க வேண்டும், அதனால் அடியில் எடை அடைத்திருப்பார்கள். கார்டு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். அதற்காகப் பக்கவாட்டில் புடைத்த பார்வைக் கூண்டு இருக்கும், சில பழைய வண்டிகளில் கூரைக்கு மேலே எழும்பிய கண்ணாடிக் கூண்டு இருக்கும். ஓடும் வண்டியில் தொற்றி ஏற நீளமான மிதிபலகை, பிடித்துக்கொள்ளக் கம்பி. மாடலில் உயிர் இந்த மூன்று இடத்தில்தான் இருக்கிறது. மற்றபடி அது ஒரு மரப்பெட்டி.

முதல் முடிவு: எந்தக் கம்பெனி, எந்தப் பத்தாண்டு

“அயர்லாந்து பிரேக் வேன்” என்று பொதுவாக ஒன்று கிடையாது. டப்ளினிலிருந்து கார்க் நோக்கிப் போன கிரேட் சதர்ன் அண்ட் வெஸ்டர்ன், டப்ளினிலிருந்து கால்வே பக்கம் போன மிட்லண்ட் கிரேட் வெஸ்டர்ன், 1876இல் பல கம்பெனிகள் சேர்ந்து உருவான கிரேட் நார்தர்ன், வடக்கே பெல்ஃபாஸ்ட் அண்ட் நார்தர்ன் கவுண்டீஸ், இன்னும் சில சிறிய கம்பெனிகள். பெரியவை தத்தம் பட்டறையில் தங்கள் பாணியில் கட்டின. கிரேட் சதர்னுக்கு இன்ச்சிகோர், மிட்லண்டுக்கு பிராட்ஸ்டோன், கிரேட் நார்தர்னுக்கு டண்டால்க்.

என் யோசனை: கம்பெனியைப் பிடிப்பதற்கு முன் ஒரு பாதையையும் ஒரு பத்தாண்டையும் பிடியுங்கள். 1895இல் திறந்த கால்வே–கிளிஃப்டன் கிளைப்பாதை நல்ல உதாரணம். மிட்லண்ட் கம்பெனியுடையது, கொனமாரா மலையும் ஏரியுமாகப் போகும், 1935இல் மூடிவிட்டார்கள். பாதை முடிவானதும் எந்த எஞ்சின், எந்த வேகன், எந்த எழுத்து என்ற கேள்விகள் எல்லாம் சுருங்கிவிடும். இல்லாவிட்டால் 1880ஆம் ஆண்டு வேனில் “பறக்கும் நத்தை” என்று கிண்டலாகப் பெயர் வாங்கிய சி.ஐ.இ. சின்னத்தை ஒட்டிவைக்கிற கதை ஆகிவிடும். நடந்திருக்கிறது, பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது முடிவு: தண்டவாள அகலம்

இதை ஒத்திப்போட முடியாது. நம்மூர் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். அயர்லாந்தில் 5 அடி 3 அங்குலம். டப்ளின்–கிங்ஸ்டவுன் பாதை 1834இல் 4 அடி 8½ அங்குலத்தில் தொடங்கியது. அல்ஸ்டர் ரயில்வே 1839இல் 6 அடி 2 அங்குலத்தில் தொடங்கியது. ஊருக்கு ஓர் அகலம் என்று போனால் நாடு என்ன ஆவது? 1846ஆம் ஆண்டுச் சட்டம் இடைப்பட்ட 5 அடி 3 அங்குலத்தை நிலைநிறுத்தியது.

மாடலில் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற அளவு பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பரவலானது. அந்த அளவில் 5 அடி 3 அங்குலம் சரியாக 21 மி.மீ. ஆனால் இந்த அளவு மாடல்களுக்கென்று கடையில் கிடைக்கும், டபுள் ஓ (OO) எனப்படும் தண்டவாளம் 16.5 மி.மீ.தான். அதாவது 4.5 மி.மீ. குறைகிறது, நிஜத்தில் 13½ அங்குலம். முன்னால் நின்று பார்த்தால் குண்டு ஆள் ஒட்டிய கால்களோடு நிற்பதுபோல இருக்கும்.

21 மி.மீ. தண்டவாளத்தை நீங்களே போட வேண்டும், நீள அச்சு தேட வேண்டும், எஞ்சினையும் மாற்றிக் கட்ட வேண்டும். முதல் வேனுக்கு அந்தத் தலைவலி வேண்டாம், 16.5இலேயே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். பெட்டியும் அடிச்சட்டமும் சரியான அயர்லாந்து அகலத்தில் இருக்கட்டும்; சக்கரங்கள் மட்டும் உள்ளே தள்ளி நிற்கட்டும். ஒவ்வொரு பக்கமும் 2.25 மி.மீ. இடைவெளி விழும். வேகனாக இருந்தால் அது கண்ணை உறுத்தும். பிரேக் வேனில் நீளமான மிதிபலகை குறுக்கே ஓடி அந்த இடைவெளியைப் பாதிக்கு மேல் மறைத்துவிடும். டபுள் ஓ ஆட்களுக்கு இந்த வண்டி செய்கிற உபகாரம் அது.

படத்தைப் பிடிப்பதும் அளப்பதும்

அயர்லாந்து தேசிய நூலகத்தில் லாரன்ஸ் தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதி முதல் 1914 வரை எடுத்த கண்ணாடித் தகட்டுப் படங்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஊர்ப் பெயரைப் போட்டு, அதோடு ஸ்டேஷன், ரயில்வே, பாலம், துறைமுகம் என்று விதவிதமாகத் தேடுங்கள். துறைமுகப் படங்களை விட்டுவிடாதீர்கள். கப்பலை எடுக்கப் போனவர் பின்னணியில் நின்ற வேனையும் தற்செயலாகப் பிடித்திருப்பார். 1946இல் தொடங்கிய ஐரிஷ் ரயில்வே ரெக்கார்ட் சொசைட்டி டப்ளினில் ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தக் கால விபத்து விசாரணை அறிக்கைகளையும் படியுங்கள். எந்த வண்டியில் எத்தனை வேகன், பிரேக் வேன் எங்கே இருந்தது, கார்டு என்ன செய்தார் என்பதெல்லாம் கிடைக்கும். ஆர்மா விபத்தை விசாரித்த மேஜர் ஜெனரல் ஹட்சின்சன் எழுதிய அறிக்கை இதற்கு நல்ல மாதிரி.

சரி, ஒரு படம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வரைபடம் இல்லை. இப்போது தண்டவாளமே உங்கள் அளவுகோல். அதன் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை 63 அங்குலம். அது மாறாது.

வேனின் முனை தெரியும் படம் என்றால், அந்த முனைக்கு நேர் கீழே இருக்கும் இடத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே அளக்கவும். படத்தை அச்சடித்ததில் 42 மி.மீ. வருகிறது என்றால், 1 மி.மீ.க்கு 1½ அங்குலம். அதே முனையில் பெட்டியின் அகலம் 64 மி.மீ. இருந்தால் 96 அங்குலம், அதாவது 8 அடி. மாடலில் 32 மி.மீ. பெட்டிச் சுவரின் உயரம் 56 மி.மீ. என்றால் 84 அங்குலம், 7 அடி. மாடலில் 28 மி.மீ. தண்டவாளத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் அளந்துவிட்டு வேனைத் தூரத்தில் அளந்தால் கணக்கு பாழ். இரண்டும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும்.

பக்கவாட்டுப் படம் என்றால் சக்கரம் கைகொடுக்கும். பெரும்பாலான சரக்கு வண்டிச் சக்கரம் 3 அடியை ஒட்டியே இருந்தது. படத்தில் அது 18 மி.மீ. என்றால் 1 மி.மீ.க்கு 2 அங்குலம். இரண்டு அச்சுகளுக்கு இடையே 57 மி.மீ. வந்தால் 114 அங்குலம், 9½ அடி. மாடலில் 38 மி.மீ. பெட்டி நீளம் 99 மி.மீ. வந்தால் 16½ அடி; மாடலில் 66 மி.மீ. விடை அரை அடி, கால் அடி என்று ஏதாவது ஒரு முழுமையான எண்ணுக்குப் பக்கத்தில் விழுகிறதா என்று பாருங்கள். 9 அடி 5⅞ அங்குலம் என்று எந்தப் பட்டறையும் கட்டியிருக்காது. (இந்த எண்கள் எல்லாம் கணக்கு காட்டுவதற்கு நான் வைத்துக்கொண்டவை, உங்கள் வேனுக்கு உங்கள் படத்தை அளக்க வேண்டும்.)

சாய்ந்து எடுத்த படத்தில் நீளம் சுருங்கித் தெரியும். அப்போது பலகைகளையும் போல்ட்டுகளையும் எண்ணுவதுதான் வழி. எண்ணிக்கை எந்தக் கோணத்திலும் மாறாது.

அளந்ததை ஒரு தாளில் மாடலின் அளவிலேயே வரைந்துகொள்ளுங்கள். அளந்து கண்டது நீல மை, ஊகித்தது சிவப்பு மை. என்னுடைய முதல் வரைபடத்தில் பாதிக்கு மேல் சிவப்பு. பரவாயில்லை.

வாங்க வேண்டியவை

ஸ்டைரீன் தகடு 0.5, 0.75, 1 மி.மீ. தடிமனில். எவர்கிரீன், ஸ்லேட்டர்ஸ் பெயரில் வருபவை நல்லவை. நம்மூர்க் கடையில் ஹிப்ஸ் ஷீட் என்று கேட்டாலும் கிடைக்கும். சன்போர்டு என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அது நுரை பி.வி.சி., கீறினால் பிசிறும். ஸ்டைரீனைக் கரைத்து ஒட்டும் திரவம், அதைத் தொட்டுவைக்க ஒரு மெல்லிய தூரிகை. 0.45 மி.மீ. பித்தளைக் கம்பி, மெல்லிய பித்தளைப் பட்டை. 12 மி.மீ. விட்டத்தில் ஆரக்கால் வைத்த சக்கரங்கள் இரண்டு ஜோடி, பித்தளை பேரிங்குகள். சக்கரம் பிடிக்கும் டபிள்யூ வடிவ இரும்பு, அச்சுப் பெட்டி, பஃபர் ஆகியவற்றைச் சிறு தயாரிப்பாளர்களிடம் தனியாக வாங்கலாம். கூர்மையான கத்தி, மூலைமட்டம், உப்புத்தாள், சின்ன அரம், ட்வீசர். ஒட்டும் திரவத்தின் ஆவி தலையைச் சுற்றவைக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பெட்டி

1 மி.மீ. தகட்டில் இரண்டு பக்கச் சுவர், இரண்டு முனைச் சுவர் வெட்டுங்கள். முனைச் சுவர்கள் பக்கச் சுவர்களுக்கு நடுவே உட்காரும் என்பதால் முனையின் அகலத்தில் 2 மி.மீ. கழித்துக்கொள்ள வேண்டும். இதை மறந்து எல்லோரும் ஒருமுறை வெட்டுவார்கள். ஜன்னல், கதவுத் துளைகளைச் சுவர் தட்டையாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். நான்கு மூலையிலும் முதலில் ஊசியால் துளைபோட்டு, கத்தியைத் துளையிலிருந்து துளைக்கு இழுத்தால் கீறல் வெளியே ஓடாது.

பலகைக் கோடுகளுக்கு ஸ்கேலை வைத்துக் கத்தியின் முதுகுப் பக்கத்தால் இரண்டு முறை இழுங்கள். கூர்ப்பக்கத்தால் இழுத்தால் இரண்டு ஓரமும் மேடு கட்டும். 7 அங்குலப் பலகை மாடலில் 2.3 மி.மீ. வரும். கோடுகள் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும் என்று கவலைப்படாதீர்கள். பழைய மரம் அப்படி இருக்காது.

பழைய வேன்கள் பலவற்றில் பலகை உள்ளேயும் மரச்சட்டம் வெளியேயும் இருக்கும். நிமிர்ந்த சட்டங்களும் குறுக்கே சாயும் தாங்குசட்டமுமாக, வீட்டுக் கதவின் பின்பக்கம் மாதிரி. இதை 0.5 மி.மீ. பட்டைகளை மேலே ஒட்டிச் செய்யலாம். முதலில் மூலைகள், பிறகு மேல், கீழ் சட்டங்கள், கடைசியில் சாய்வுகள். சாய்வுச் சட்டத்தை அளந்து வெட்டாதீர்கள்; நீளமாக விட்டு, இடத்தில் வைத்துப் பார்த்து, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் பொருத்துங்கள்.

போல்ட் தலைகள் பொறுமையைச் சோதிக்கும். 0.5 மி.மீ. ஸ்டைரீன் கம்பியைச் சீவிச் சீவித் துணுக்குகளாக்கி, கத்தி நுனியில் எடுத்து, ஒரு துளி திரவம் தொட்ட இடத்தில் வைத்து அழுத்த வேண்டும். ஒரு வேனுக்கு இருநூறு பக்கம் போகும். ஒரே மூச்சில் செய்யாதீர்கள். தினம் ஒரு சுவர், ரேடியோவில் இளையராஜா. தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

அப்புறம் நான்கு சுவர்களையும் கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தி, மூலைமட்டம் வைத்து ஒட்டுங்கள். தரைத் தகட்டில் ஒரு 5 மி.மீ. துளை போட மறக்க வேண்டாம். மூடிய ஸ்டைரீன் பெட்டிக்குள் ஒட்டும் திரவத்தின் ஆவி அடைபட்டால் சில மாதங்களில் சுவர் உள்வாங்கி வளைந்துவிடும்.

அடிச்சட்டமும் சக்கரமும்

பழைய வேன்களின் அடிச்சட்டமும் மரம்தான். பக்கச் சட்டங்களை 1 மி.மீ. தகட்டில் இரண்டு மடிப்பாக ஒட்டித் தடிமனாக்குங்கள். டபிள்யூ இரும்புகளை ஒட்டுவதுதான் முழு வேலையிலும் கவனம் கேட்கும் இடம். இரண்டு அச்சும் இணையாக இல்லாவிட்டால் வேன் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும். ஒரு அச்சை இறுக்கமாகவும் இன்னொன்றை நடுவில் ஒரு கம்பியின் மேல் ஆடும்படியும் வைத்தால் நான்கு சக்கரமும் எப்போதும் தண்டவாளத்தைத் தொடும். முக்காலி ஆடாது என்கிற அதே கணக்கு. கஷ்டமாகத் தோன்றினால் இரண்டையும் இறுக்கமாகவே வைத்து, கண்ணாடித் தகட்டில் நிறுத்தி, எந்த மூலையை அழுத்தினாலும் ஆடாதபடி பசை காய்வதற்குள் சரிசெய்யுங்கள்.

பிரேக் கட்டைகள் ஆரம்ப வேன்களில் மரத்தாலானவை, தடிப்பானவை. பல வேன்களில் சக்கரத்தின் இரண்டு பக்கமும் கட்டை இருக்கும், மொத்தம் எட்டு. டபுள் ஓவில் அவற்றைச் சக்கரத்துக்கு நேராக உள்ளே தள்ளி வையுங்கள். சக்கரத்தைத் தொடக்கூடாது, ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும்.

மிதிபலகையை ஸ்டைரீனில் செய்தால் முதல் வாரத்திலேயே ஒடியும். பித்தளைப் பட்டையை வெட்டி, எல் வடிவில் வளைத்த கம்பித் தாங்கிகளில் சால்டர் செய்து, அந்தக் கம்பிகளை அடிச்சட்டத்தில் துளைபோட்டுச் செருகுங்கள். வேனைக் கையில் எடுக்கும்போது விரல் முதலில் படுவது அதில்தான்.

எடை, ஒரு விபத்து

ஒரு அச்சுக்கு 25 கிராம், நான்கு சக்கர வேனுக்கு 50 கிராம் என்பது மாடல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. நான் முதல் வேனில் ஈயக் குண்டுகளைக் கொட்டி, வெள்ளை மரப்பசையை ஊற்றி நிரப்பினேன். ஜம்மென்று ஓடியது. ஒரு வருஷம் கழித்து அலமாரியில் பார்த்தால் பக்கச் சுவர் கர்ப்பிணி வயிறு மாதிரி புடைத்திருந்தது. அடுத்த ஒரு மாதத்தில் மூலை ஒட்டு விட்டு, போல்ட்டுகள் உதிர்ந்தன. ஈயமும் அந்தப் பசையும் சேர்ந்தால் மெல்ல வெண்மையாகப் பூத்துப் பெருகும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

ஈயம் வேண்டாம். இரும்பு நட்டு, வாஷர் எதையாவது இரட்டைப் பிசின் (எபாக்சி) பசையால் தரையில் ஒட்டுங்கள். இரண்டு அச்சுக்கும் நடுவில், தாழ்வாக.

கூரை, கூண்டு, விளக்கு

0.5 மி.மீ. தகட்டைச் சரியான வளைவுள்ள பாட்டிலின் மேல் டேப்பால் இறுக்கிக் கட்டி, கொதிநீரை ஊற்றி, அப்படியே ஆறவிட்டால் வளைவு நிற்கும். பழைய கூரைகளின் வளைவு மிக லேசானது. ஒயின் பாட்டில் வேண்டாம், பெரிய தண்ணீர் ஜாடி எடுங்கள். நிஜக் கூரை பலகையின் மேல் கான்வாஸ் துணி இழுத்துக் கட்டியது. அந்தச் சொரசொரப்புக்கு ஒற்றை அடுக்கு டிஷ்யூ காகிதத்தை மேலே விரித்து, ஒட்டும் திரவத்தைத் தூரிகையால் தடவினால் காகிதம் பிளாஸ்டிக்கோடு பிணைந்துவிடும். பெயின்ட் அடித்த பிறகு அசல் துணிதான்.

பார்வைக் கூண்டைத் தனியாகச் செய்து, பெட்டிக்குப் பெயின்ட் அடித்து முடித்தபின் ஒட்டுவது சுலபம். கைப்பிடிக் கம்பிகளுக்கு முன்பே துளை போட்டு வைத்திருக்க வேண்டும். புகைபோக்கி இருக்கிறதா என்று படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லா வேனிலும் அடுப்பு இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம்.

வாலில் ஒரு சிவப்பு விளக்கு. பக்கங்களில் இரண்டு விளக்குகள், பின்னோக்கிச் சிவப்பும் முன்னோக்கி வெள்ளையும் காட்டும். இருட்டில் டிரைவர் திரும்பிப் பார்த்து அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், வண்டி அறுபடாமல் முழுசாக வருகிறது என்று அர்த்தம். இதைச் சின்ன மணிகளாலாவது வைத்துவிடுங்கள்.

வண்ணம்

பிரிட்டிஷ் வேகன் செய்து பழகியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். கை தானாக அடிச்சட்டத்துக்குக் கறுப்பு அடிக்கும். அயர்லாந்தில் பெரும்பாலும் பெட்டிக்கு அடித்த சாம்பல் நிறமே அடிச்சட்டத்துக்கும் இரும்புக்கும் போனது. முழுவதையும் ஒரே சாம்பலில் அடித்துவிட்டு, கொஞ்சம் வெள்ளை கலந்து சில பலகைகளை மட்டும் வெளிறச் செய்யுங்கள்.

படத்தைப் பார்த்து நிறம் சொல்வது ஆபத்து. அந்தக் காலக் கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு நிறம் உறைக்காது. சிவப்பு பெயின்ட்டும் கறுப்பாகவே விழும். ஆகவே “படத்தில் கறுப்பாகத்தானே இருக்கிறது” என்ற வாதம் செல்லாது. எழுத்துகளை மட்டும் படத்தில் தெரியும் அதே இடத்தில், அதே உயரத்தில் வையுங்கள். நீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்துத் தாள்கள் கிடைக்கின்றன; கை நடுங்காதவர்கள் வெள்ளை ஜெல் பேனாவிலும் எழுதலாம்.

அழுக்கேற்றும்போது ஒரு சின்ன விஷயம். மாட்டு வேகன்களைச் சுத்தம்செய்யச் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்த வெள்ளை ஒழுகல் வேகன் முழுக்க இருக்கும். பாலினஸ்லோ சந்தைக்குப் போகும் மாட்டு வண்டி அமைப்பதாக இருந்தால், அந்த வெள்ளை வேகன்களில் மட்டும் இருக்கட்டும். பிரேக் வேனில் பிரேக் கட்டையிலிருந்து பறக்கும் பழுப்புத் தூள் சக்கரத்தைச் சுற்றியும் அடிச்சட்டத்தின் கீழ்ப் பாதியிலும் படியும். கைச்சக்கரம், கதவுப் பிடி, மிதிபலகையின் நடு ஆகியவை தேய்ந்து லேசாகப் பளபளக்கும். பென்சில் கரியை விரலால் தொட்டுத் தேய்த்தாலே போதும்.

கடைசியாக

ஓட்டத் தொடங்குமுன் வேனைக் கவிழ்த்து, தரைத் தகட்டில் மெல்லிய பேனாவால் தேதியையும், எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தீர்கள் என்பதையும், எந்தெந்த அளவு ஊகம் என்பதையும் எழுதிவிடுங்கள். நாளைக்கு இன்னொரு படம் கிடைக்கும்போது உதவும்.

எனக்குக் கிடைத்தது. கிளிஃப்டன் பாதைக்காக நான் செய்த வேனில் இரண்டு பக்கமும் பார்வைக் கூண்டு வைத்திருந்தேன். ஒரு பக்கம் படத்தில் பார்த்தது, மறுபக்கம் சிவப்பு மை. எட்டு மாதம் கழித்து அதே மாதிரி வேனின் மறுபக்கம் ஒரு படத்தில் தெளிவாகத் தெரிந்தது: கூண்டே இல்லை, வெறும் பலகையும் ஒரு கதவும். கூண்டைப் பிய்த்தால் கீழே உள்ள பலகைக் கோடுகளும் போகும். இப்போதைக்கு அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.